நக்ஸ் வாமிகா: பெயருக்குப் பின்னால் இருக்கும் எழுத்தைப் பாருங்கள்

வயிறு சரியில்லை, காலையில் போனால் சுத்தமாகப் போவதில்லை, ராத்திரி மூன்று மணிக்கு முழிப்பு வந்தால் அப்புறம் தூக்கமே இல்லை, சின்ன விஷயத்துக்கெல்லாம் எரிச்சல் வருகிறது. இப்படிச் சொல்லிக்கொண்டு ஹோமியோ டாக்டரிடம் போனவர்களுக்கு நக்ஸ் வாமிகா என்ற பெயர் புதிதாக இருக்காது. கன்னியாகுமரி மாவட்டத்தில் பல வீட்டு அலமாரிகளில் அந்தக் குப்பி இருக்கிறது. அது எந்த மரத்திலிருந்து வருகிறது என்பது மட்டும் பலருக்குத் தெரியாது. நம் ஊர்க் காஞ்சிரத்தின் கொட்டையிலிருந்துதான் வருகிறது. மற்ற மாவட்டங்களில் எட்டி என்பார்கள்.

தெரிந்த உடனே அடுத்த கேள்வி வரும். "காஞ்சிரம்னா விஷம்லா? குடிச்சா ஒண்ணும் செய்யாதா?" இதற்கு இரண்டு பதில்கள் புழக்கத்தில் இருக்கின்றன. 'ஹோமியோவில் எதற்குமே பக்கவிளைவு கிடையாது' என்பது ஒன்று. 'அது கொடிய விஷம், கிட்டேயே போகாதே' என்பது இன்னொன்று. இரண்டுமே பாட்டிலைப் பார்க்காமல் சொல்லப்படும் பதில்கள், அதனால்தான் இரண்டும் ஆபத்தானவை. நக்ஸ் வாமிகா என்ற ஒரே பெயரில், காஞ்சிரத்தின் சத்து ஓர் அணுக்கூறுகூட மிஞ்சியிராத சர்க்கரை உருண்டையும் கிடைக்கிறது. ஒரு சிறு பிள்ளையின் உயிருக்கு ஆபத்தான அளவு நஞ்சு அடங்கிய திரவமும் கிடைக்கிறது. மருந்து எவ்வளவு நீர்க்கப்பட்டது என்பதைக் காட்டும் குறி பெயருக்குப் பின்னால் இருக்கும். அது 30 சி என்று எழுதியிருக்கிறதா, 3 எக்ஸ் என்று இருக்கிறதா, நீர்க்காத மூல திரவத்தைக் குறிக்கும் க்யூ என்று இருக்கிறதா என்பதில்தான் எல்லாமே அடங்கியிருக்கிறது.

இந்த மாவட்டத்தில் இதைப் பேசியே ஆகவேண்டும் என்று நான் நினைப்பதற்குக் காரணம் உண்டு. குலசேகரத்தில் சாரதா கிருஷ்ணா ஹோமியோபதி மருத்துவக் கல்லூரி இருக்கிறது. ஆற்றூர், பெருஞ்சிலம்பு பக்கங்களிலும் ஹோமியோ கல்லூரிகள் இருக்கின்றன. முஞ்சிறையில் சித்த மருத்துவக் கல்லூரி, கோட்டாறில் அரசு ஆயுர்வேதக் கல்லூரி, ஆசாரிப்பள்ளத்தில் அரசு மருத்துவக் கல்லூரி. இவ்வளவு சின்ன மாவட்டத்தில் இத்தனை மருத்துவ முறைகள் பக்கத்துப் பக்கத்தில் இருப்பது அபூர்வம். இந்த மண் 1949 வரை திருவிதாங்கூரோடும், அதன்பின் 1956 நவம்பர் 1 வரை திருவிதாங்கூர்-கொச்சியோடும் இருந்தது. ஹோமியோபதிக்கு அங்கீகாரம் கேட்கும் தீர்மானம் 1928-லேயே திருவிதாங்கூர் சட்டசபைக்கு வந்துவிட்டது. ஆகவே சர்க்கரை உருண்டை இங்கே தாத்தா காலத்துப் பழக்கம். ஒரே வீட்டில் ஆசான் (நாட்டு வைத்தியர்) கொடுத்த தைலமும், ஹோமியோ குப்பியும், ஆஸ்பத்திரி மாத்திரையும் ஒரே தட்டில் இருக்கும். காஞ்சிரம் இதில் முதல் இரண்டிலும் இருக்கலாம்.

முதலில் மரத்தைப் பார்ப்போம்.

மலையடிவாரக் காடுகளிலும் ஓடைக்கரைகளிலும் பழைய காவுகளிலும் தோட்டத்து ஓரங்களிலும் காஞ்சிரம் தானாக முளைத்து நிற்கும். தாவரவியலில் இதன் பெயர் ஸ்ட்ரிக்னோஸ் நக்ஸ்-வாமிகா. இலை பளபளப்பானது, அடிப்பகுதியிலிருந்தே மூன்று அல்லது ஐந்து நரம்புகள் பிரிந்து ஓடுவதை வைத்து மரத்தை அடையாளம் கண்டுவிடலாம். பழம் சின்ன ஆரஞ்சு அளவில், நல்ல ஆரஞ்சு நிறத்திலேயே இருக்கும். ஓட்டை உடைத்தால் வெள்ளையாகக் கொழகொழவென்று சதை, அதற்குள் விதைகள். அந்த விதையைக் கையில் எடுத்துப் பார்க்கவேண்டும். ஒரு ரூபாய் நாணயத்தின் அகலம், தட்டையான வட்டம், ஒரு பக்கம் லேசான குழிவு, மேலே சாம்பல் நிறத்தில் நெருக்கமாகப் படிந்த மெல்லிய மயிர். விரலால் தடவினால் வழுக்கும். கல்லில் வைத்துத் தட்டினாலும் எளிதில் உடையாது. வாயில் வைத்தால் வரும் கசப்பைப் பற்றி நான் சொல்லவேண்டியதில்லை. 'எட்டி பழுத்தென்ன, ஈயாதார் வாழ்ந்தென்ன' என்று பழமொழியே இருக்கிறது. பழத்தின் நிறத்தைப் பார்த்து ஏமாறக்கூடியவர்கள் குழந்தைகள் மட்டும்தான். இருவாட்சி சதையைத் தின்றுவிட்டு விதையைத் துப்பிவிட்டுப் போகிறதே என்று யாராவது கேட்டால், அந்தப் பறவைக்கு ஒத்துக்கொள்வது நமக்கு ஒத்துக்கொள்ளாது என்று சொல்லிவிடுங்கள்.

மரத்தை ஊர்க்காரர்கள் வீணாக விட்டதில்லை. தழையை வயலுக்கு உரமாக மிதித்தார்கள். கட்டையைக் கறையான் எளிதில் தொடாது. காஞ்சிரப் பலகையில் செய்த கட்டிலில் படுத்தால் வாதம் குறையும் என்ற நம்பிக்கை கேரளத்திலும் தென்குமரியிலும் உண்டு. படுப்பதால் கெடுதல் ஒன்றுமில்லை. ஆனால் இதன்மேல் வளரும் புல்லுருவியிடம் ஜாக்கிரதையாக இருக்கவேண்டும். காஞ்சிரத்தில் ஒட்டி வளரும் புல்லுருவி மரத்தின் நஞ்சையும் சேர்த்து உறிஞ்சி வைத்துக்கொள்வதை ஆய்வாளர்கள் பதிவு செய்திருக்கிறார்கள். எந்த மரத்துப் புல்லுருவி என்று தெரியாமல் கஷாயம் வைப்பது விளையாட்டல்ல.

இந்த மரத்துக்கு ஒரு நல்ல சகோதரன் இருக்கிறான் என்பதையும் சொல்லவேண்டும். கலங்கிய தண்ணீரைத் தெளியவைக்கப் பானைக்குள் உரைத்துப் போடுவோமே தேற்றாங்கொட்டை, அதுவும் ஸ்ட்ரிக்னோஸ் இனம்தான். அதில் இந்த நஞ்சு இல்லை.

காஞ்சிரக் கொட்டையில் இருக்கும் முக்கியமான நஞ்சுகள் இரண்டு: ஸ்டிரிக்னின், புரூசின். ஸ்டிரிக்னினை 1818-இல் பாரிஸில் பெல்லட்டியே, காவெந்து என்ற இரு வேதியியலாளர்கள் இதே இனத்தைச் சேர்ந்த இக்னேஷியஸ் விதையிலிருந்து பிரித்தெடுத்தார்கள். இக்னேஷியா என்ற ஹோமியோ மருந்தும் அந்த விதையிலிருந்துதான் வருகிறது. அடுத்த வருடமே புரூசினும் கண்டுபிடிக்கப்பட்டது. இரண்டில் ஸ்டிரிக்னின்தான் பல மடங்கு கொடியது. விதையின் எடையில் ஏறத்தாழ 1 சதவீதம் அதுதான்.

அது உடம்பில் என்ன செய்கிறது? நம் தசைகளை அசைக்கும்படி நரம்புகள் கட்டளை கொடுத்துக்கொண்டே இருக்கின்றன. 'போதும், நிறுத்து' என்று தண்டுவடத்தில் தடை போடும் வேலையைக் கிளைசின் என்ற பொருள் செய்கிறது. ஸ்டிரிக்னின் அந்தக் கிளைசின் வந்து சேரும் இடத்தை அடைத்துக்கொள்ளும். அப்புறம் தடை போட ஆளில்லை. லேசான சத்தம், வெளிச்சம், தொடுதல் எதுவானாலும் உடம்பு முழுவதும் வெட்டி இழுக்கும். முதுகு வில்லாக வளையும், தாடை இறுகும். விழுங்கிய கால் மணி, அரை மணி நேரத்தில் ஆரம்பித்துவிடலாம். இதில் கொடுமை, வலிப்பு நோயில் போல நினைவு தப்புவதில்லை. என்ன நடக்கிறது என்பது ஆளுக்குத் தெரிந்துகொண்டே இருக்கும். மூச்சுத் தசைகள் இறுகி, மூச்சு நின்றுதான் சாவு வரும். பெரியவர்களுக்கு 50 முதல் 100 மில்லிகிராம் உயிரைப் பறிக்கும் என்று நச்சியல் நூல்கள் சொல்கின்றன; அதைவிடக் குறைவான அளவிலும் மரணங்கள் நடந்திருக்கின்றன. குழந்தைகளுக்கு 15 மில்லிகிராம் போதும். ஒன்றரை கிராம் எடையுள்ள ஒற்றைக் கொட்டையில் அந்த அளவு இருக்கிறது.

இவ்வளவு கொடியதை ஒரு காலத்தில் ஆங்கில மருத்துவமும் டானிக்காகக் கொடுத்தது. பசி எடுக்க, சோர்வு நீங்க என்று இரும்புச்சத்து, குவினைன் இவற்றோடு ஸ்டிரிக்னினைக் கலந்த சிரப்புகள் பிரிட்டிஷ் ஆட்சிக் காலத்தில் சர்வசாதாரணம். 1904-இல் செயின்ட் லூயிஸ் ஒலிம்பிக் மாரத்தானில் தாமஸ் ஹிக்ஸ் என்ற அமெரிக்கருக்கு ஓட்டத்தின் நடுவே ஏறத்தாழ 1 மில்லிகிராம் ஸ்டிரிக்னினை முட்டை வெள்ளைக்கருவோடு கொடுத்தார்கள். அப்புறம் இன்னொரு முறையும் கொடுத்தார்கள், பிராந்தியும் சேர்த்து. தங்கப் பதக்கம் கிடைத்தது. ஓடி முடித்ததும் ஆள் சரிந்து விழுந்தார். பலன் தரும் அளவுக்கும் கொல்லும் அளவுக்கும் இடைவெளி மிகக் குறைவு என்று தெரிந்த பிறகு நவீன மருத்துவம் அதைக் கைவிட்டுவிட்டது.

சித்தமும் ஆயுர்வேதமும் கைவிடவில்லை. ஆனால் கொட்டையை அப்படியே எடுத்துப் பயன்படுத்துவதும் இல்லை. நஞ்சைக் குறைக்கும் 'சுத்தி' செய்யாமல் எட்டியைத் தொடுவது அங்கே பெரிய குற்றம். கோமியத்தில் பல நாள் ஊறவைப்பது, பாலில் வேகவைப்பது, மேல்தோலைச் சீவி, இரண்டாகப் பிளந்து உள்ளே இருக்கும் முளையை எடுத்து எறிவது, நெய்யில் வறுப்பது என்று முறைகள் நூலுக்கு நூல் கொஞ்சம் மாறும். வேகவைத்த பாலைக் கொட்டிவிடவேண்டும், நாய்க்குக்கூட வைக்கக்கூடாது. நஞ்சில் ஒரு பங்கு அதில் இறங்கியிருக்கும். இந்தச் சுத்தி முறைகளால் ஸ்டிரிக்னின், புரூசின் அளவு குறைகிறது என்று இந்திய ஆய்வுக்கூடங்களில் அளந்து பார்த்தவர்கள் சொல்கிறார்கள். குறைகிறதே தவிர, இல்லாமல் போய்விடுவதில்லை. அதனால்தான் இந்திய மருந்துச் சட்ட விதிகளின் நச்சுப் பொருள் பட்டியலில் எட்டி இன்றும் இருக்கிறது. அது சேர்ந்த சித்த, ஆயுர்வேத மருந்தின் உறையில் மருத்துவர் மேற்பார்வையில் மட்டுமே உட்கொள்ளவேண்டும் என்ற எச்சரிக்கை அச்சிடப்பட்டிருக்கவேண்டும். வர்மத்துக்கும் மூட்டு வலிக்கும் பேர்போன ஊர் இது. விடமுட்டி, அதாவது இதே காஞ்சிரக் கொட்டை, சேர்ந்த எண்ணெய் இங்கே புழக்கத்தில் உண்டு. அதை வெளியே தேய்க்கலாம். புண், கீறல் உள்ள தோலில் தேய்க்கக்கூடாது, பிள்ளைகளின் கைக்கு எட்டும் இடத்தில் வைக்கக்கூடாது.

சரி, ஹோமியோபதிக்கு வருவோம். ஜெர்மனியைச் சேர்ந்த சாமுவேல் ஹானிமன் 1755-இல் பிறந்தவர். அவர் காலத்து மருத்துவம் நோயாளிகளின் ரத்தத்தை வடித்தும், பாதரசத்தை அள்ளிக் கொடுத்தும் வதைத்துக்கொண்டிருந்தது. அதைச் சகிக்க முடியாமல் மருத்துவம் பார்ப்பதையே அவர் ஒரு காலம் விட்டுவிட்டு, மொழிபெயர்ப்பு செய்து பிழைத்தார். அப்படி ஒரு மருந்து நூலை மொழிபெயர்க்கும்போது, 1790-இல், சின்கோனாப் பட்டையைத் தானே தின்று பார்த்தார். மலேரியா போன்ற குளிரும் நடுக்கமும் தனக்கு வந்ததாக எழுதினார். ஆரோக்கியமான ஆளுக்கு எந்த அறிகுறியை ஒரு பொருள் உண்டாக்குகிறதோ, அதே அறிகுறியுள்ள நோயை அந்தப் பொருள் குணமாக்கும் என்ற கொள்கைக்கு அங்கேதான் அடித்தளம். 1810-இல் ஹோமியோபதியின் அடிப்படை நூலான அவருடைய ஆர்கனன் வெளிவந்தது. அடுத்த ஆண்டு வந்த அவருடைய மருந்துப் பொருள் நூலின் முதல் தொகுதியிலேயே நக்ஸ் வாமிகா இடம்பெற்றுவிட்டது.

காஞ்சிர நஞ்சு உடம்பை முறுக்குகிறது, இழுக்கிறது, சத்தத்தையும் வெளிச்சத்தையும் தாங்கமுடியாதபடி செய்கிறது. ஆகவே பிடிப்பு, இறுக்கம், எரிச்சல் இவற்றுக்கு அதுவே மருந்து என்பது ஹோமியோ கணக்கு. உட்கார்ந்தே வேலை பார்ப்பவர், எப்போதும் அவசரம், காப்பி, மது, காரம், ராத்திரி கண்விழிப்பு, போகவேண்டும் என்று தோன்றும் ஆனால் முழுசாகப் போகாத மலச்சிக்கல், சாப்பிட்ட பிறகு வயிற்றில் கல் வைத்த பாரம், காலையில் அடுக்கடுக்காகத் தும்மல், குடித்த மறுநாள் தலைவலி: இவையெல்லாம் நக்ஸ் வாமிகாவுக்கான குறிகள். ராத்திரி கொடுப்பது நல்லது என்பார்கள். காப்பியை நிறுத்தச் சொல்வார்கள்.

இனி அந்த எழுத்து விவகாரம். காஞ்சிரக் கொட்டைத் தூளை ஆல்கஹாலில் ஊறவைத்து எடுக்கும் மூல திரவம்தான் தாய்த் திரவம், மதர் டிங்க்சர். இந்தியாவில் பாட்டிலில் க்யூ என்று போட்டிருக்கும். அதில் ஒரு பங்கை ஒன்பது பங்கு ஆல்கஹாலோடு கலந்து குலுக்கினால் எக்ஸ் வரிசையில் ஒரு படி. ஒரு பங்கை 99 பங்கோடு கலந்தால் சி வரிசையில் ஒரு படி. 30 சி என்றால் நூறில் ஒன்றாக முப்பது தடவை. அதாவது 1-க்குப் பின்னால் 60 சுழியம் போட்டால் எத்தனையோ, அத்தனையில் ஒரு பங்கு.

காகிதத்தில் போட்டுப் பார்த்தால் விஷயம் தெளிவாகிவிடும். 100 கிராம் விதையிலிருந்து 1 லிட்டர் தாய்த் திரவம் என்று வைத்துக்கொள்வோம். விதையில் 1 சதவீதம் ஸ்டிரிக்னின் என்றால் 1 மில்லியில் 1 மில்லிகிராம். அந்த 1 மில்லிகிராமில் இருக்கும் மூலக்கூறுகளின் எண்ணிக்கை, 2-க்குப் பின்னால் 18 சுழியம், ஏறத்தாழ. மலைக்க வைக்கும் எண்ணிக்கைதான். ஆனால் ஒவ்வொரு சி படியிலும் இரண்டு சுழியம் குறைகிறது. ஒன்பதாவது படியில் 1 மில்லிக்கு ஒன்றோ இரண்டோ மூலக்கூறு மிஞ்சும். அதற்கப்புறம் இன்னும் இருபத்தொரு படி பாக்கி இருக்கிறது. கடையில் வாங்கும் 30 சி, 200 சி குப்பிகளில் காஞ்சிரம் இல்லை. கரும்புச் சர்க்கரை உருண்டையும் அதில் தெளித்த ஆல்கஹாலின் ஈரமும் மட்டுமே இருக்கின்றன. நீர்த்துப்போகும்போது குலுக்குவதால் மருந்தின் ஆற்றல் திரவத்தில் பதிகிறது என்று ஹோமியோபதி சொல்கிறது. நாம் அறிந்த வேதியியலிலும் இயற்பியலிலும் அதற்கு ஆதாரம் இல்லை.

ஆக, 30 சி உருண்டையைக் குழந்தை தெரியாமல் அரைக் குப்பி தின்றுவிட்டால் காஞ்சிர நஞ்சு ஏறுமா? ஏறாது. சர்க்கரை நோயாளி நாலு உருண்டை சாப்பிடலாமா? அதில் இருக்கும் சர்க்கரை மிகச் சொற்பம். பொட்டலமாகத் தரும் பொடி பால் சர்க்கரை, அதாவது லாக்டோஸ். பால் ஒத்துக்கொள்ளாதவர்கள் மட்டும் சொல்லிவிடுவது நல்லது. இந்த அளவில் நக்ஸ் வாமிகா பாதுகாப்பானதுதான். காரணத்தையும் சேர்த்தே சொல்வதுதான் நேர்மை: அதில் ஒன்றும் இல்லாததால் பாதுகாப்பானது.

தாய்த் திரவத்தின் கதை அப்படியே எதிர்ப்பக்கம். மேலே போட்ட கணக்கின்படி 30 மில்லி பாட்டிலில் 30 மில்லிகிராம் ஸ்டிரிக்னின், கூடவே புரூசின். ஐந்து, பத்து சொட்டு என்று டாக்டர் அளந்து தரும்போது உள்ளே போவது அரை மில்லிகிராமுக்கும் கீழே. ஆனால் அந்த முழு பாட்டில் ஒரு மூன்று வயதுப் பிள்ளையின் கையில் கிடைத்தால் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுப் பாருங்கள். 12 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் உள்ள ஹோமியோ திரவங்களைச் சில்லறையில் 30 மில்லிக்கு மேற்பட்ட பாட்டிலில் விற்கக்கூடாது என்று மருந்து விதி இருக்கிறது. அது ஆல்கஹாலை நினைத்துப் போட்ட விதி. காஞ்சிரத்தைப் பொறுத்தவரை 30 மில்லியே அதிகம்தான்.

எனக்குப் பெரிய கவலை இந்த இடத்தில்தான். 'ஹோமியோ என்றாலே சாது' என்ற நம்பிக்கை க்யூ பாட்டிலுக்கும் அப்படியே ஒட்டிக்கொள்கிறது. யாரோ காணொளியில் 'பசி எடுக்க, நரம்புக்கு, ஆண்மைக்கு' என்று தாய்த் திரவத்தைச் சிபாரிசு செய்கிறார். கடையில் கேட்டு வாங்கி, பத்து சொட்டில் கேட்கவில்லை என்று முப்பது சொட்டாக்கிக்கொள்கிறார்கள். கல்லீரல், சிறுநீரகம் பழுதானவர்கள், வலிப்பு வரலாறு உள்ளவர்கள், கர்ப்பிணிகள், பாலூட்டும் தாய்மார்கள், குழந்தைகள் இவர்கள் யாருமே நக்ஸ் வாமிகா தாய்த் திரவத்தையும் 1 எக்ஸ், 2 எக்ஸ், 3 எக்ஸ் போன்ற கீழ்ப்படி மருந்துகளையும் தாமாகத் தொடக்கூடாது. மற்றவர்களும் பதிவுபெற்ற மருத்துவர் எழுதித் தராமல் தொடவேண்டாம். கீழ்ப்படி மருந்துகளில் தயாரிப்புத் தரமும் உயிர்ப் பிரச்சினை. அமெரிக்காவில் பல் முளைக்கும் குழந்தைகளுக்கென்று விற்ற ஹோமியோ மாத்திரைகளை 2017-இல் அந்நாட்டு உணவு, மருந்து நிர்வாகம் சோதித்தபோது, பெல்லடோனா நச்சின் அளவு மாத்திரைக்கு மாத்திரை மாறியது. சிலவற்றில் உறையில் சொன்னதைவிட மிக அதிகமாக இருந்தது. பெல்லடோனாவும் காஞ்சிரம் மாதிரியே கடும் நஞ்சுள்ள செடி.

குப்பி வாங்கும்போது மருந்தின் பெயர், வீரியம், தயாரித்தவர் முகவரி, ஆல்கஹால் அளவு எல்லாம் உறையில் இருக்கிறதா என்று பாருங்கள். கிளினிக்கில் கட்டித் தரும் பெயரில்லாத உருண்டைகள்தான் சிக்கல். சின்ன பிளாஸ்டிக் குப்பியில் வெள்ளை உருண்டைகளைக் கொட்டி, பெரிய பாட்டிலிலிருந்து நாலைந்து சொட்டு விட்டு, மூடிக் குலுக்கி, மேலே 'கா - மா' என்று மட்டும் எழுதிக் கொடுப்பார்கள். "டாக்டரே, மருந்துப் பேரையும் அதுல எழுதித் தாருங்க" என்று கேட்க யாரும் கூச்சப்படவேண்டாம். நாளைக்கு வேறு மருத்துவரைப் பார்க்க நேர்ந்தால் அந்த ஒரு வரி தேவைப்படும். நல்ல டாக்டர் யாரும் அதற்குக் கோபித்துக்கொள்ளமாட்டார்.

யாராவது காஞ்சிரக் கொட்டையையோ தாய்த் திரவத்தையோ அதிகமாக உட்கொண்டுவிட்டால் வாந்தி எடுக்கவைக்க முயற்சி செய்யாதீர்கள். தொண்டைக்குள் விரல் விடுவதே இழுப்பைக் கிளப்பிவிடும். உப்புத் தண்ணீர், மோர், முட்டை எதுவும் ஊற்றவேண்டாம். சுற்றி நின்று சத்தம் போடாமல், விளக்கைக் குறைத்து, ஆளை உலுக்காமல் 108-ஐ அழையுங்கள். இந்த நஞ்சுக்கு முறிவு மருந்து கிடையாது. தசை இழுப்பை அடக்கும் ஊசியும், மூச்சுக்குக் குழாயும், வென்டிலேட்டரும்தான் வைத்தியம். ஆகவே பெரிய ஆஸ்பத்திரிக்குத்தான் போகவேண்டும். முதல் சில மணி நேரத்தைத் தாண்டிவிட்டால் பிழைக்க நல்ல வாய்ப்பு உண்டு. பாட்டிலையோ மீதிக் கொட்டையையோ கையோடு எடுத்துப் போங்கள்.

சரி, 30 சி கெடுதல் செய்யாது; நல்லது செய்கிறதா? உலகம் முழுவதும் நடந்த ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்தவர்களின் முடிவுகள் ஒரே திசையில்தான் போகின்றன. 2005-இல் லான்செட் இதழில் 110 ஹோமியோ ஆய்வுகளையும் 110 நவீன மருத்துவ ஆய்வுகளையும் ஒப்பிட்ட கட்டுரை வந்தது. பெரிய, தரமான ஆய்வுகளை மட்டும் எடுத்தால் ஹோமியோ மருந்தின் பலன் மருந்தில்லாத வெறும் மாத்திரையின் பலனோடு ஒத்துப்போகிறது என்றது. ஆஸ்திரேலியாவின் தேசிய சுகாதார, மருத்துவ ஆராய்ச்சிக் கவுன்சில் 2015-இல், ஹோமியோபதி பலன் தருகிறது என்பதற்கு நம்பத்தக்க ஆதாரம் உள்ள நோய் ஒன்றுகூட இல்லை என்று அறிவித்தது. இங்கிலாந்தின் தேசிய சுகாதார சேவை 2017-இல் அதை எழுதித் தரவேண்டாம் என்று டாக்டர்களுக்குச் சொல்லிவிட்டது. ஹோமியோபதியாளர்கள் இந்த முடிவுகளை ஏற்பதில்லை. ஒவ்வொரு ஆளுக்கும் தனித்தனியாக மருந்து தேர்வு செய்யும் முறையை இப்படி ஒரே அச்சில் வைத்துச் சோதிக்கக்கூடாது என்கிறார்கள். அந்த வாதத்தை நான் படித்துப் பார்த்தேன். தனித்தனியாகத் தேர்வு செய்து நடத்திய ஆய்வுகளும் இருக்கின்றன. அவற்றிலும் படம் பெரிதாக மாறவில்லை. ஆதாரத்தின் பக்கம்தான் நான் நிற்கிறேன்.

ஆனாலும் 'எனக்குக் கேட்டதே' என்று சொல்பவரை நான் பொய்யர் என்று சொல்லமாட்டேன். ரப்பர் பால் வெட்டப் போகும் ஒருவரை எடுத்துக்கொள்வோம். விடியும் முன்னே எழுந்து வெறும் வயிற்றில் கட்டன் சாயா, நாலு மணி நேரம் கழித்து மரச்சீனியும் காரமான மீன் கறியும், ராத்திரி பத்து மணிக்குப் பரோட்டா. நெஞ்செரிச்சல் வராமல் என்ன செய்யும்? ஹோமியோ டாக்டர் அரை மணி நேரம் உட்காரவைத்து எல்லாவற்றையும் கேட்கிறார். சாயாவைக் குறை, காரத்தைக் குறை, எட்டு மணிக்குள் சாப்பிடு, நேரத்தோடு படு என்று சொல்லிக் குப்பியைக் கொடுக்கிறார். பத்து நாளில் எரிச்சல் குறைகிறது. குறைத்தது எது? அந்தப் பத்தியமும், பொறுமையாகக் கேட்ட காதும், தானாக ஏறி இறங்கும் நோயின் இயல்பும் என்று நான் சொல்வேன். இந்தப் பத்தியத்தையும் அக்கறையையும் ஆஸ்பத்திரிகளும் கொடுத்தால் எவ்வளவோ நன்றாக இருக்கும்.

கடைசியாகச் சொல்லவேண்டிய ஆபத்து குப்பிக்கு வெளியே இருக்கிறது. 'கேஸ்' என்ற ஒரு வார்த்தையில் நம் ஊர்க்காரர்கள் எத்தனை நோயை அடக்குகிறார்கள்! நெஞ்சு எரிந்தாலும் கேஸ், நெஞ்சு இறுகினாலும் கேஸ், இடது தோள் வலித்தாலும் கேஸ். வீட்டில் நக்ஸ் வாமிகா இருந்தால் நாலு உருண்டை போட்டுவிட்டுப் படுத்துவிடுவார்கள். மாரடைப்பு பல சமயம் அப்படித்தான் வரும், வயிற்றின் மேல்பகுதியில் எரிச்சலாக, ஏப்பமாக. சர்க்கரை நோய் உள்ளவர்களுக்கும் பெண்களுக்கும் நெஞ்சுவலியே இல்லாமல் வெறும் வேர்வையும் குமட்டலும் மூச்சுவாங்கலுமாகவே வந்துவிடலாம். ரத்தக் குழாய் அடைப்பை நீக்கும் சிகிச்சைக்கு ஒவ்வொரு நிமிஷமும் முக்கியம். நாற்பது வயதைத் தாண்டியவருக்குப் புதிதாக வந்த நெஞ்செரிச்சல் வேர்வையோடு இருந்தால் முதலில் ஈசிஜி. உருண்டையை அப்புறம் போட்டுக்கொள்ளலாம், கெட்டுப்போகாது.

மலச்சிக்கலும் இப்படித்தான். பல வருடமாக இருப்பது வேறு. ஐம்பது வயதுக்கு மேல் திடீரென்று மலப்பழக்கம் மாறினால், மலத்தில் ரத்தம் வந்தால், எடை இறங்கினால், ரத்தசோகை என்று டாக்டர் சொன்னால், குடலைக் குழாய் விட்டுப் பார்க்காமல் மாசக்கணக்காக உருண்டை சாப்பிடுவது புற்றுநோய்க்கு நாமே நேரம் கொடுப்பது. கறுப்பாகத் தார் மாதிரி மலம் போனாலோ ரத்த வாந்தி வந்தாலோ அன்றைக்கே ஆஸ்பத்திரி.

அப்புறம், ஹோமியோ ஆரம்பித்தால் இங்கிலீஷ் மருந்தை நிறுத்தவேண்டும் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். ரத்த அழுத்தம், சர்க்கரை, தைராய்டு, வலிப்பு, ஆஸ்துமா, இதயம் இவற்றுக்கான மாத்திரைகளை எழுதித் தந்த டாக்டரைக் கேட்காமல் ஒருநாள்கூட நிறுத்தக்கூடாது. முறையாகப் படித்த ஹோமியோ டாக்டர்கள் நிறுத்தச் சொல்வதில்லை. ஐந்தரை வருடப் படிப்பில் அவர்களும் உடலியலும் நோயியலும் படித்துத்தான் வருகிறார்கள். நீங்கள் சாப்பிடும் எல்லா மருந்தையும், ஆசான் தந்த சூரணம் உட்பட, ஒரு காகிதத்தில் எழுதி எந்த டாக்டரிடம் போனாலும் முதலில் நீட்டிவிடுங்கள். எட்டி, காஞ்சிரம், விடமுட்டி, குசிலா, நக்ஸ் வாமிகா எல்லாம் ஒரே கொட்டைதான். இரண்டு இடத்திலிருந்து இரண்டு பெயரில் வாங்கிச் சாப்பிட்டால் அளவு கூடும் என்பது அந்தக் காகிதத்தைப் பார்த்தால்தான் டாக்டருக்குத் தெரியும்.